புது ஃபேன் வாங்கும் முன் மெயின் பாக்ஸைத் திறந்து பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு போன் ஓயாது. "அண்ணே, ரிமோட் ஃபேன் நாலு வாங்கிட்டோம், வந்து மாட்டிக் கொடுங்க." "மாடி ரூமுக்கு ஏ.சி. போடணும், ஒரு பாயிண்ட் மட்டும் இழுத்துவிடுங்க." நான் மதுரை புதூரில் இருந்துகொண்டு வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன். சிம்மக்கல், செல்லூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கும் போவேன், ஊமச்சிகுளம், ஒத்தக்கடைப் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளுக்கும் போவேன். எங்கே போனாலும் ஏணியை விரிப்பதற்கு முன் மெயின் பாக்ஸ் எங்கே என்றுதான் கேட்பேன். மாட்டச் சொன்னதை மாட்டாமல் இவன் ஏன் மீட்டர் பக்கம் போகிறான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இப்போது கடைகளில் வரும் மின்சாமான்கள் பத்து வருஷத்துக்கு முன் வந்ததைவிட எவ்வளவோ மேல். சாமானில் குறை இல்லை, வாங்குகிற வரிசையில்தான் கோளாறு. கண்ணுக்குத் தெரியும் விளக்கு, ஃபேன், பளபளக்கும் சுவிட்ச் பிளேட் எல்லாம் முதலில் வந்துவிடுகின்றன. கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த், டிரிப்பர், வயர் எல்லாம் மிச்சப் பணத்தில் நடக்கின்றன. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதையும் கேட்பதையும் வாங்குவதையும் நீங்கள் செய்யலாம். பெட்டிக்குள் கை வைக்கும் வேலை மின்கம்பியாள் சான்றிதழ் உள்ளவருடையது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேலே மீட்டரிலிருந்து வரும் கம்பியில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பகுதியில் கருகல், தீப்பொறி, தளர்ந்த கம்பி எது தெரிந்தாலும் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். நம் ஆள் தொடக் கூடாத இடம் அது.

எர்த் இருக்கிறதா, எர்த் கம்பி மட்டும் இருக்கிறதா

ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது, கிரைண்டரில் கை வைத்தால் விறுவிறுக்கிறது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் எர்த் போயிருக்கும். அந்தக் காலத்தில் எர்த் கம்பியை வீட்டுத் தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவது வழக்கம். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போனவரை அது வேலை செய்தது. பிறகு பிளம்பர் வந்து பி.வி.சி. குழாய் மாற்றியிருப்பார், எர்த்தும் அன்றே போயிருக்கும். குழாய் மாற்றினவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

இதைச் சோதிக்க இப்போது சாக்கெட் டெஸ்டர் என்று ஒன்று வந்திருக்கிறது. பிளக் மாதிரிதான், சொருகினால் மூன்று சின்ன விளக்குகள் எரியும். கரண்ட் வரும் லைன், அது திரும்பிப் போகும் நியூட்ரல், எர்த் மூன்றும் வந்திருக்கின்றனவா, லைன் இடம் மாறியிருக்கிறதா என்று காட்டிவிடும். சொந்த வீடோ வாடகை வீடோ, குடிபோகும் முன் ஒவ்வொரு பாயிண்டிலும் சொருகிப் பாருங்கள். ஆனால் எர்த் கம்பி வந்து சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்தக் கம்பி போய் முடிகிற குழி நல்ல குழியா என்று சொல்லாது. அதற்கு வயர்மேனிடம் எர்த் டெஸ்டர் கருவி வைத்து அளந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு எர்த் தடை 5 ஓமுக்குக் கீழே வந்தால் நான் ஒப்புக்கொள்வேன். மல்டிமீட்டர்தான் அவர் கையில் இருக்கிறது என்றால், லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் காட்டும்போது லைனுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ ஏதோ இருக்கிறது.

நம் ஊர் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. பங்குனி, சித்திரையில் மண் வறண்டுபோனால் எர்த் குழியின் தடை ஏறிவிடும். கரியும் உப்பும் போட்ட பழைய குழியாக இருந்தால் கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழிக்கு மேலேயே டைல்ஸ் போட்டு மூடிவிட்டவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேலூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். அந்த மாதிரி இடத்தில் கெமிக்கல் எர்த்திங் என்று விற்கும் செம்புப் பூச்சுக் கம்பியும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொடியும் உதவும். பெயரைக் கேட்டு மட்டும் வாங்கிவிடாதீர்கள். செம்பு எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சாயம் அடித்த இரும்புக் குழாயையும் அதே பெயரில் விற்கிறார்கள்.

உயிரைக் காக்கிற டிரிப்பர் எது

பெட்டியைத் திறந்தால் வரிசையாக டிரிப்பர் இருக்கிறது, நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்த வரிசையில் இருப்பவை எம்.சி.பி. அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழுந்து அவை காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிற லைனில் ஒரு ஆள் கையை வைத்தால் உடம்பு வழியாகப் போவது ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான். ஆளைக் கொல்ல அது போதும், எம்.சி.பி.யைத் தட்டிவிடப் போதாது.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. லைனில் எவ்வளவு போகிறது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஒரு கணக்குப்பிள்ளை போல அது பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் பேசாமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது அந்த அளவு வேறு வழியாக மண்ணுக்குப் போகிறது என்றால், 0.3 நொடிக்குள் லைனை அறுத்துவிடும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் வைத்திருப்பார்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவை தீவிபத்துத் தடுப்புக்கு, பெரிய கட்டடங்களுக்கு. வீட்டுக்கு 30 என்று அச்சிட்டதுதான். முகப்பில் சிறிதாக எழுதியிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள்.

இன்னொன்றும் அதில் எழுதியிருக்கும்: ஏ.சி. வகையா, ஏ வகையா என்று (இங்கே ஏ.சி. என்பது குளிர்சாதனம் இல்லை, மாறு மின்னோட்டம்). பழைய ஏ.சி. வகை சாதாரண மாறு மின்னோட்டக் கசிவை மட்டும் பிடிக்கும். இன்வர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின், எல்.இ.டி. விளக்குக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவர், ஸ்கூட்டர் சார்ஜர் எல்லாவற்றுக்குள்ளும் இன்று எலெக்ட்ரானிக்ஸ்தான் இருக்கிறது. அவற்றில் வரும் கசிவு வேறு வடிவத்திலும் இருக்கும், அதையும் பிடிப்பது ஏ வகை. விலை கொஞ்சம் கூடும். நான் இப்போது ஏ வகையைத்தான் போடச் சொல்கிறேன்.

ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு தெரியாது, ஷார்ட் சர்க்யூட்டும் தெரியாது. அதனால் எம்.சி.பி.யும் இருந்தாக வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் செய்வது ஆர்.சி.பி.ஓ. வசதி இருந்தால் மோட்டாருக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, குளியலறை ஹீட்டருக்கு ஒன்று என்று ஆர்.சி.பி.ஓ. போட்டுவிடுங்கள். மழையில் போர் மோட்டார் கசிந்தால் மோட்டார் மட்டும் நிற்கும், வீடு முழுக்க இருட்டாகாது. வசதி இல்லையென்றால் மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. போதும். நல்ல ரிமோட் ஃபேன் ஒன்று வாங்கும் காசுக்குள் அது அடங்கிவிடும்.

போட்ட மறுநாளே போன் வரும்: "அண்ணே, நீங்க மாட்டின டிரிப்பர் நிக்க மாட்டேங்குது, கழட்டிருங்க." கழற்ற மாட்டேன். பழைய வீடுகளில் அது தட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் நியூட்ரல் கலந்திருப்பது. ஒரு சர்க்யூட்டின் லைனை எடுத்துவிட்டு, நியூட்ரலுக்குப் பக்கத்து அறைக் கம்பியில் முறுக்கியிருப்பார்கள். இன்வர்ட்டர் வைக்கும்போது நடக்கும் அவசர வேலை இது. போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது, கணக்கு இடிக்கிறது, தட்டுகிறது. நியூட்ரலைப் பிரித்துத் தனியாக இழுத்தால் தீர்ந்தது.

எந்தச் சாமான் தட்டுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்குவது முக்கியம், ஏனென்றால் ஒற்றை எம்.சி.பி. லைனை மட்டும்தான் அறுக்கும். ஹீட்டருக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கிடந்தால் எம்.சி.பி. கீழே இருந்தாலும் ஆர்.சி.சி.பி. தட்டும். அப்புறம் ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றி, பிளக்குகளையும் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதில் விழுகிறதோ அதுதான் ஆள். என் அனுபவத்தில் ஹீட்டர், மோட்டார், மொட்டைமாடி விளக்கு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முகப்பில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அது பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் கரண்ட் கொடுப்பது இன்வர்ட்டர். அதற்கு முன்னால் இருக்கும் ஆர்.சி.சி.பி. தட்டினாலும் இன்வர்ட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதன் வெளியீட்டு லைனில் தனியாக இன்னொரு 30 மில்லி ஆம்பியர் போட வேண்டும். புது வீடுகளில்கூட இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இடி ஒரு பக்கம், நியூட்ரல் கட் ஒரு பக்கம்

கோடை மழை நம் ஊரில் இடியோடுதான் வரும். அந்த ஒரு கணத்தில் பாயும் அதிக வோல்ட்டேஜை மண்ணுக்குத் திருப்புவது எஸ்.பி.டி. என்னும் சர்ஜ் தடுப்பான். பெட்டிக்குள் வைப்பது டைப் 2. அலங்காநல்லூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் வீடு, மேலே கம்பி லைன் என்றால் டைப் 1+2 கேளுங்கள். எர்த் நன்றாக இல்லாத வீட்டில் எஸ்.பி.டி. வெறும் அலங்காரம், எர்த்தை முதலில் எழுதியதற்கு அதுவும் காரணம். எஸ்.பி.டி.க்குப் போகும் கம்பியும் அங்கிருந்து எர்த் பட்டைக்கு வரும் கம்பியும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று சுற்றி வளைத்து இழுத்தால் பாதிப் பலன் போய்விடும். முகப்பில் சின்ன ஜன்னல் பச்சையாக இருக்கும், சிவப்பானால் அதன் ஆயுள் முடிந்தது.

ஆனால் நான் அதிகம் பார்த்த சேதம் இடியால் வந்தது இல்லை. தெருவில் நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும், அடுத்த வீட்டில் 300 வோல்ட்டுக்கு மேலே ஏறும். மூன்று பேஸ் லைனில் இரண்டு பேஸுக்கு இடையே இருப்பது 415 வோல்ட், அது வீடுகளுக்குள் கோணல்மாணலாகப் பிரிந்து வருகிறது. டி.வி., மோடம், ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாம் ஒரே நேரத்தில் புகையும். இதற்கு எஸ்.பி.டி. உதவாது, நீண்ட நேரம் நிற்கும் அதிக வோல்ட்டேஜில் அதுவே எரிந்துபோகும். இதற்கென்று வோல்ட்டேஜ் புரொடெக்டர் ஒன்று பெட்டிக்குள் அடங்கும் அளவில் வருகிறது, திரையில் வோல்ட்டேஜ் எண் தெரியும். மேலே 270, கீழே 170 என்று நான் வைப்பேன். மறுபடி கரண்ட் கொடுக்க மூன்று நிமிஷம் தாமதம் வைத்துவிட்டால் ஃப்ரிட்ஜ், ஏ.சி. கம்ப்ரெசருக்கும் நல்லது. இந்த வீட்டுக்கு ஒரே ஒரு புதுச் சாமான்தான் வாங்க முடியும், ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கிறது என்றால், எஸ்.பி.டி.க்கு முன் இதை வாங்கச் சொல்வேன்.

வயர்

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, பெரிதாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். மாற்றிக் கொடுக்கும் ஆளையும் நம்பாதீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 முதல் 25 வரை. 2.5 வயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் எம்.சி.பி. விழாது, சுவருக்குள் வயர் வேகும். ஒன்றரை டன் ஏ.சி.க்கு நான் தனியாக 4 சதுர மில்லிமீட்டர்தான் இழுப்பேன். பழைய ஆட்கள் வயர் அளவைப் பழைய கணக்கில் 3/22, 7/20 என்று சொல்வார்கள், சீட்டில் சதுர மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள்.

வயர்ச் சுருளின் மீது எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்.எச்., எச்.எஃப்.எஃப்.ஆர். என்று மூன்று விதமாக எழுதியிருக்கும். மூன்றும் தீ பரவுவதைத் தடுக்கப் பார்க்கும். இரண்டாவதில் புகை குறைவு. மூன்றாவதில் ஹாலஜன் கிடையாது, எரிந்தாலும் பி.வி.சி. மாதிரி அமிலப் புகை வராது. 2024 செப்டம்பரில் கட்ராபாளையம் தெருவில் ஒரு மகளிர் விடுதியில் விடிகாலையில் தீப்பிடித்து உயிர்கள் போனது இந்த ஊருக்கு மறக்காது. ஃப்ரிட்ஜ் வெடித்தது என்று செய்தி வந்தது. விடுதி, மாடியில் வாடகைக்கு விடும் அறைகள், ஒரே படிக்கட்டு உள்ள வீடு எதுவானாலும் எச்.எஃப்.எஃப்.ஆர். வயருக்கு ஆகும் கூடுதல் காசைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுப் பக்கம் பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்று மாட்டுங்கள், வயரிங் தேவையில்லை. மின் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் குறைவு.

மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் கயிற்றை வெளியே விடுவதைத் தெருத்தெருவாகப் பார்க்கிறேன். மணிக்கணக்கில் ஓடும் லோடு அது, பிளக் முனை கருகித்தான் தெரியவரும். 16 ஆம்பியர் சாக்கெட், தனி 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கென்று ஏ வகை ஆர்.சி.பி.ஓ. என்று போட்டுவிடுங்கள்.

இப்போது ஃபேனும் விளக்கும்

ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன் நல்ல சாமான், தயங்காமல் வாங்கலாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட்டைச் சுற்றி நிற்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் ஏறிவிடுகிற நம் ஊர்க் கணக்கில், அந்த ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கண்டிப்பாகக் கழற்றி நேர் லைன் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஃபேனுக்குள் இருக்கும் போர்டு கெட்டுப்போகும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், லேபிள் இல்லாததைத் தொடாதீர்கள்.

எல்.இ.டி.யில் வாட்டைப் பார்க்காமல் லூமனை, அதாவது வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள். நல்ல 9 வாட் பல்பு 900 லூமன் அளவுக்குக் கொடுக்கும். 6500 கெல்வின் வெள்ளை வெளேரென்று இருக்கும், கடைக்குச் சரி. படுக்கையறைக்கு 3000 அல்லது 4000 போடுங்கள். சுவிட்சை அணைத்தும் பல்பு மினுக்கினால் பேய் இல்லை, பெரும்பாலும் சுவிட்சை லைனில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்வது பல்புக்காக இல்லை, நாளைக்கு ஹோல்டரைக் கழற்றும் கைக்காக. ஃபால்ஸ் சீலிங் முழுக்கக் குட்டி விளக்குகள் பதிப்பது எனக்குப் பிடிக்காது. அவற்றின் டிரைவர்கள் மேலே சூட்டில் வெந்து ஒவ்வொன்றாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிடுவீர்கள். எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

கரண்ட் போனால் தானே எரியும் ரீசார்ஜ் பல்பு, இன்வர்ட்டர் இல்லாத வீட்டுக்கு மலிவான உதவி. படிக்கட்டிலும் கழிவறையிலும் ஒவ்வொன்று போதும்.

வாங்கும்போது

டவுன் ஹால் ரோடு, மேல மாசி வீதிப் பக்கம் நாலு கடை ஏறி இறங்குங்கள், ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று ஆரம்பிக்கும் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் எந்தக் கம்பெனி, எந்தச் சாமானுக்கு உரிமம் என்று வந்துவிடும். வயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. மூன்றுக்கும் கடையில் நின்றபடியே பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த கடை.

வேலை முடிந்ததும் வயர்மேன் கிளம்புவதற்கு முன் மூன்று காரியம் கேட்டு வாங்குங்கள். பூச்சு பூசுவதற்கு முன்பே சுவரில் குழாய் போன வழியை எல்லாம் போனில் படம் எடுக்கச் சொல்லிவைத்து, அந்தப் படங்களை வாங்குங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது தேவைப்படும். எர்த் டெஸ்டர் காட்டிய எண்ணைத் தேதியோடு பில்லின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ஒவ்வொரு டிரிப்பருக்குக் கீழேயும் மோட்டார், சமையல், ஹால், மாடி என்று தமிழில் பேர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், வீட்டில் தனியாக இருக்கிற அம்மா எதை இறக்க வேண்டும் என்று தேடக் கூடாது.